பீமாபாய் சக்பால்: பட்டாளத்து மனைவி, 14 பிள்ளைகளின் தாய்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 அன்று நம் தெருக்களில் ஒரே பெயர் ஒலிக்கிறது. ஜெய்பீம் என்று முழங்கும்போது நாம் அண்ணல் அம்பேத்கரின் இயற்பெயரைச் சொல்கிறோம். பீம் என்னும் அதே சொல் அவரைப் பெற்றவரின் பெயரிலும் இருக்கிறது. அவர் பெயர் பீமாபாய். பெயரளவில் அறியப்பட்டவரே எனினும் அவருடைய வாழ்க்கையை நாம் தனியே எடுத்துப் பேசுவது அரிது.

அண்ணலின் வரலாற்றைச் சொல்லும் நூல்களும் மேடைப் பேச்சுகளும் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன: ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் 14ஆவது பிள்ளையாக 1891இல் பிறந்தார். அவ்வாக்கியத்தைப் படிக்கும் நாம் பிறந்த பிள்ளையை நோக்கி விரைந்துவிடுகிறோம். 14 என்ற எண்ணுக்குப் பின்னால் ஓர் உடல் இருந்தது. அவ்வுடல் உழைத்தது, பெற்றது, புதைத்தது, முடிவில் ஓய்ந்தது. தந்தை ராம்ஜி மகனுக்கு ஆங்கிலம் கற்பித்ததையும், கடன் வாங்கிப் புத்தகம் வாங்கித் தந்ததையும் நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அந்த நன்றியில் பீமாபாய்க்கு உரிய பங்கு இன்னும் கொடுக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

முர்பாத்தின் பட்டாளக் குடும்பம்

இன்றைய மகாராஷ்டிரத்தின் தானே மாவட்டத்தில் உள்ள முர்பாத் என்னும் ஊரைச் சேர்ந்தது பீமாபாயின் குடும்பம். ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகி முர்பாத்கர் என்றாயிற்று. மஹர் சாதியில் பிறந்த அவருடைய தந்தை ஆங்கிலேயரின் இந்தியப் படையில் சுபேதார் மேஜராக இருந்தவர். தந்தையின் உடன்பிறந்தார் அறுவரும் அதே நிலைக்கு உயர்ந்தவர்கள் என்று அண்ணலின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அக்காலத்தில் பட்டாளம் என்பது ஒடுக்கப்பட்டோருக்கு என்னவாக இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கிராமத்தில் மஹர் ஒருவர் செத்த மாட்டை அகற்ற வேண்டும், அரசாங்கத் தாக்கீதைச் சுமந்து ஓட வேண்டும், ஊர் எல்லையைக் காக்க வேண்டும். இவ்வளவுக்கும் கூலியாகக் கிடைப்பது வீடுதோறும் இரந்து பெறும் உணவு. பம்பாய்ப் படையில் சேர்ந்த மஹருக்கோ மாதச் சம்பளம் இருந்தது, சீருடை இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. 1818 சனவரி 1 அன்று பீமா நதிக்கரைக் கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களின் பெயர்களைத் தாங்கிய வெற்றித்தூணில், நாக் என முடியும் மஹர் பெயர்களை இன்றும் காணலாம். நம் பக்கத்திலும் சென்னை மாகாணப் படையில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்து பணியாற்றினர்.

சம்பளத்தைவிடப் பெரிய பேறு ஒன்றும் அங்கே இருந்தது. படைவீரர்களின் பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்ற விதியும், அதற்கான பள்ளிகளும் பட்டாளத்தில் இருந்தன. ஊர்ப்பள்ளியின் வாசற்படியில்கூட நிற்க முடியாத சமூகத்தின் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் எழுத்தறிந்தது அங்கேதான். பீமாபாய் வளர்ந்த சூழல் இது. ஊரின் கண்ணுக்கு அவர் தீண்டத்தகாதவர். பட்டாளக் குடியிருப்பிலோ மதிப்பிற்குரிய சுபேதார் மேஜரின் மகள்.

கணவர் பயிற்சியில், மனைவி சாலையில்

ராம்ஜி மாலோஜி சக்பால் இரத்தினகிரி மாவட்டத்தின் அம்பாவடே கிராமத்தைப் பூர்விகமாகக் கொண்டவர். அவருடைய தந்தையும் படைவீரரே. எனினும் முர்பாத்கர் குடும்பத்தின் வசதிக்குச் சக்பால் குடும்பம் ஈடாகாது. 1860களில், பீமாபாய் சிறுமியாக இருந்தபோதே, இருவருக்கும் திருமணம் நடந்தது.

திருமணத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் கடினமானவை. இளம் வீரரான ராம்ஜியின் ஊதியம் சிறிது. படைப் பள்ளி ஆசிரியராவதற்கான பயிற்சிக்காக அவர் பூனாவில் தங்கினார். அங்கிருந்து வீட்டுக்கு அனுப்ப முடிந்த தொகை போதவில்லை. பம்பாயை அடுத்த சாந்தாகுரூசில் சாலை போடும் இடத்தில் சல்லி சுமக்கும் வேலைக்குப் பீமாபாய் சென்றார் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். சுபேதார் மேஜரின் மகள், படிப்புக்குப் போன கணவரின் வீட்டைக் காக்கச் சாலைக்கூலியாக நின்றார்.

இச்செய்தியை நாம் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. ராம்ஜி பயிற்சி முடித்து ஆசிரியரானார். பின்னர் படைப் பள்ளியின் தலைமை ஆசிரியராகி ஏறத்தாழ 14 ஆண்டுகள் பணியாற்றினார். சுபேதார் நிலைக்கு உயர்ந்தார். அந்த ஆசிரியரின் வீட்டில் வளர்ந்ததால்தான் அம்பேத்கருக்கு எழுத்தும் கணக்கும் இளமையிலேயே வாய்த்தன. ஆகவே அந்தக் கல்வியின் அடித்தளத்தில் பீமாபாய் சுமந்த சல்லியும் கிடக்கிறது. குடும்பத்தின் ஏற்றத்தைப் படிப்பின் வெற்றியாக மட்டும் எழுதும்போது, படிக்கப் போனவருக்குப் பின்னால் கூலிக்குப் போனவர் மறைந்துவிடுகிறார்.

ராம்ஜியின் ஊதியம் உயர்ந்த பின் பீமாபாய் பட்டாளத்து மனைவியாக வாழத் தொடங்கினார். அவ்வாழ்க்கைக்கு நிலையான ஊர் கிடையாது. படைப்பிரிவு எங்கே செல்ல ஆணையிடப்படுகிறதோ அங்கே குடும்பம் மூட்டை கட்டிச் செல்ல வேண்டும். ஓர் ஊரில் அடுப்பு மூட்டி, அண்டை அயலாரை அறிந்து, பிள்ளைகள் பேசப் பழகும் வேளையில் அடுத்த ஊருக்கு ஆணை வந்துவிடும். வீட்டில் ராம்ஜி கடைப்பிடித்த கபீர் பந்த நெறியும், நாள்தோறும் நடந்த பஜனையும் இதிகாச வாசிப்பும் அந்த அலைச்சலுக்கு நடுவில் ஓர் ஒழுங்கைத் தந்தன.

14ஆம் பிள்ளையும் துறவியின் கதையும்

1880களின் இறுதியில் ராம்ஜியின் படைப்பிரிவு மத்திய இந்தியாவின் மாவ் படைநகரில் இருந்தது. அங்குள்ள காளி பல்டன் பகுதியில் 1891 ஏப்ரல் 14 அன்று பீமாபாய் தம் கடைசிப் பிள்ளையைப் பெற்றார். அந்நகர் இன்று அப்பிள்ளையின் பெயராலேயே டாக்டர் அம்பேத்கர் நகர் என்று அழைக்கப்படுகிறது.

இப்பிறப்பைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. ராம்ஜியின் உறவினரான துறவி ஒருவர் மாவ் நகரின் வழியே சென்றபோது, இக்குடும்பத்தில் பெரும்புகழ் பெறும் மகன் பிறப்பான் என்று வாழ்த்திச் சென்றாராம். வரலாற்று நூல்களிலும் இடம் பெற்றுவிட்ட இக்கதையைப் பலர் பக்தியோடு சொல்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. இக்கதை அம்பேத்கரை ஒரு வாழ்த்தின் விளைவாக்குகிறது. அவர் ஓர் உழைப்பின் விளைவு. புகழைத் துறவியின் வாக்கிலிருந்து எடுத்து, பெற்றவளின் உடலுக்குத் திருப்பித் தருவதே பகுத்தறிவுக்கும் நன்றிக்கும் பொருந்துவது.

அந்த உடல் என்ன தாங்கியது என்பதை எளிய கணக்கால் அறியலாம். 14 பேறுகள் என்றால் கருவுற்றிருந்த காலம் மட்டும் சுமார் 126 மாதங்கள். அதாவது பத்தரை ஆண்டுகள். இதனோடு பால் கொடுத்த ஆண்டுகளைச் சேர்த்தால், திருமணம் முதல் மாவ் வரையிலான ஏறத்தாழ 25 ஆண்டுகளில் அவர் உடல் ஓய்ந்திருந்த காலம் மிகச் சிறிது. இதற்கிடையில்தான் சமையல், தண்ணீர், துணி, இடமாற்றம், நோய், சாவு எல்லாம் நிகழ்ந்தன.

சாவு என்று நாம் சொல்வது வெறும் சொல்லன்று. பிறந்த 14 பேரில் நிலைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. பெற்றோருக்குப் பின்னும் வாழ்ந்தவர்களாக ஐவரையே குறிப்பிடுகின்றனர்: பலராம், ஆனந்தராவ், பீமராவ் என்னும் மூன்று ஆண்மக்கள், மஞ்சுளா, துளசி என்னும் இரு பெண்மக்கள். மூத்த மகள்கூட இரண்டு ஆண்குழந்தைகளை விட்டுவிட்டு இளம் வயதிலேயே இறந்துபோனார். அம்பேத்கரைத் தப்பிப் பிழைத்த பிள்ளை என்று கொண்டாடுகிறோம். தப்பிப் பிழைக்காதவர்களையும் அதே தாய்தான் சுமந்தார்.

சீருடை கழன்ற பின்

அம்பேத்கர் கைக்குழந்தையாக இருந்த நாட்களிலேயே அக்குடும்பத்தின் காலடி மண் சரியத் தொடங்கியது. போர்க்குலம், போர்க்குலம் அல்லாதவை என்று சாதிகளைப் பிரிக்கும் கொள்கையை ஆங்கிலேயப் படைத்தலைமை வகுத்துக்கொண்டது. 1892ஐ ஒட்டிய ஆண்டுகளில் மஹர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உயிர் கொடுத்தவர்களை ஒரே ஆணையில் வீரமற்றவர்கள் என்று அரசு எழுதிவைத்தது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் இதை எதிர்த்து மனு எழுதினார். மனு ஒன்றை எழுதுவதற்கு ராம்ஜி நீதியரசர் ரானடேயின் உதவியை நாடினார். மனுக்கள் பலன் தரவில்லை. முதல் உலகப்போரின்போது 1917இல் மஹர் படைப்பிரிவு ஒன்று அமைக்கப்பட்டுப் போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. இன்றுள்ள மஹர் ரெஜிமெண்ட் 1941இல்தான் உருவானது.

வேலைவாய்ப்பு இழப்பு என்று மட்டும் இதைப் படிப்பது போதாது. பட்டாளக் குடியிருப்புக்குள் இருந்தவரை அக்குடும்பங்களின் பெண்களுக்குக் கிணறு இருந்தது, பள்ளி இருந்தது, பெயருக்கு முன்னால் ஒரு மரியாதை இருந்தது. குடியிருப்பை விட்டு வெளியே வந்த அன்றே அவை அனைத்தும் வாயிலிலேயே நின்றுவிட்டன. ஆணின் சீருடையோடு சேர்த்துப் பெண்ணின் தண்ணீரும் பறிக்கப்பட்டது.

1894ஐ ஒட்டி ராம்ஜி ஓய்வுபெற்றார். குடும்பம் முதலில் கொங்கணத்தின் தபோலிக்குச் சென்றது. அங்கே நிலைக்காமல் சதாராவுக்குக் குடிபெயர்ந்தது. ஓய்வூதியம் போதாத குடும்பத்தைக் காக்க ராம்ஜி மீண்டும் வேலை தேடினார். பீமாபாய் இன்னொரு முறை புதிய ஊரில் புதிய அடுப்பை மூட்டினார். அதுவே கடைசி. சதாராவுக்கு வந்த சிறிது காலத்தில், 1896இல், அவர் மறைந்தார். கடைசி மகனுக்கு அப்போது ஐந்து வயது. பீமாபாயின் நினைவிடம் சதாராவிலேயே இருக்கிறது.

தாயில்லாத வீடு

ஒருவரின் உழைப்பு எவ்வளவு என்பது அவர் இல்லாதபோது தெரியும். பீமாபாய்க்கு அந்தச் சான்றை அளித்தவர் அவருடைய மகனே. காத்திருக்கும் விசா என்று தமிழில் அறியப்படும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் முதல் நிகழ்வாக அவர் எழுதியிருப்பது கோரேகான் பயணம். இது 1818 போர் நடந்த பீமா கோரேகான் அன்று. சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த வேறு ஊர். 1901இல் ராம்ஜி அங்கே காசாளராக இருந்தார். பஞ்சத்தில் வாடியோருக்கு வேலை கொடுக்க அரசு அங்கே ஏரி வெட்டிக்கொண்டிருந்தது.

சதாரா வீட்டில் பீமும் அண்ணனும், இறந்துபோன மூத்த அக்காளின் இரு மகன்களும் இருந்தனர். அவர்களைப் பார்த்துக்கொண்டவர் ராம்ஜியின் சகோதரி மீராபாய். அன்பே உருவானவர், ஆனால் கால்கள் சரிவர இயங்காததால் அடுப்படி வேலை அவரால் ஆகவில்லை. பிள்ளைகளே பள்ளிக்கும் போனார்கள், சமைத்தும் உண்டார்கள். ரொட்டி சுடத் தெரியவில்லை. அரிசியையும் இறைச்சியையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கும் புலாவு மட்டுமே எளிதாக இருந்ததால் அதையே உண்டு வாழ்ந்தார்கள். சாதி வன்கொடுமையைப் பற்றி எழுதப்பட்ட அந்தக் குறிப்பு, ஒரு தாய் இல்லாத அடுப்படியின் வழியாகத்தான் தொடங்குகிறது.

பிறகு நடந்ததை நாம் அறிவோம். புதிய சட்டையும், சரிகைத் தொப்பியும், பட்டுக்கரை வேட்டியும் அணிந்து தந்தையைக் காணப் புறப்பட்ட பிள்ளைகள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல யாரும் வரவில்லை. மஹர்கள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிச் சென்றனர். வண்டிக்காரர் தீட்டுக்கு அஞ்சி உடன் நடந்து வந்தார். கட்டிக்கொண்டு வந்த உணவு கையில் இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லாததால் அதை உண்ண முடியாமல் பசியோடு படுத்தனர்.

சதாராவில் நாவிதர் எவரும் அவர்களுக்கு முடி வெட்ட முன்வரவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து அக்காள்தான் மழித்துவிட்டார். சாதி மறுத்த ஒவ்வொரு பணியையும் வீட்டுப் பெண் ஒருத்தி ஏற்றுச் செய்ய வேண்டியிருந்தது. பீமாபாய் இறந்த பின் அந்தச் சுமை மீராபாய்க்கும் பெண்மக்களுக்கும் பங்கிடப்பட்டது. ராம்ஜி பின்னர் மறுமணம் செய்துகொண்டபோது, தாயின் நகைகளை இன்னொருவர் அணிவதைச் சிறுவன் பீமால் தாங்க முடியவில்லை. பீமாபாய் அவன் மனத்தில் எப்படி இருந்தார் என்பதற்கு அந்தக் கோபம் போதும்.

1900 நவம்பர் 7 அன்று அம்பேத்கர் சதாரா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். அந்நாளை மகாராஷ்டிர அரசு இன்று மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. மகன் பள்ளி வாசலில் நின்ற அந்தக் காலையில் தாய் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மகன் பேசிய சட்டங்கள்

தாயின் வாழ்வையும் மகனின் சட்டப் பணியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சட்டத் தொழிலில் இருக்கும் நமக்குத் தவிர்க்க முடியாததாகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியைச் சுற்றி நிற்கின்றன.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கு உரியது என்றும், அதன் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு, அப்பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளிக்கும் பங்கு உண்டு என்றும் வாதிட்டார். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. 1938 நவம்பரில் குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்தும் தீர்மானம் ஒன்றை அவருடைய கட்சியைச் சேர்ந்த ரோஹம் பம்பாய் சட்டப்பேரவையில் கொண்டுவந்தார். அதற்கான உரையை ஆயத்தம் செய்தவர் அம்பேத்கர். அடுத்தடுத்த பேறுகள் பெண்ணின் உடலையும் ஏழைக் குடும்பத்தையும் எப்படி அழிக்கின்றன என்பதை அவ்வுரை பேசியது. தீர்மானம் தோற்றது. 14 பிள்ளைகளைப் பெற்று ஐந்து வயது மகனை விட்டுப்போன தாயின் மகன் அதை எழுதினார். அவருடைய வீட்டிலும் அத்துயரம் மீண்டும் நிகழ்ந்திருந்தது. ரமாபாய் பெற்ற ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவரே பிழைத்தார்.

இன்று நிலை என்ன? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பின் 26 வார ஊதிய விடுப்பைத் தந்தது. அச்சட்டத்தை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த அளவையே வைத்துள்ளது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு வெளியே, குறைந்தது பத்துப் பேர் பணிபுரியும் நிறுவனமாக இருந்தால்தான் இவ்வுரிமை எட்டும். சாலையில் சல்லி சுமக்கும் பெண்ணுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவி உண்டு. ஆனால் அவர் பதிவு செய்திருக்க வேண்டும், ஊர் ஊராக மாறும் வேலையில் அப்பதிவைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற பெண்களுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாக்கியது. அதை நிறைவேற்றுவதாகச் சொல்லும் ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய் என்று குறைத்தது. இரண்டாவது பிள்ளைக்கு, அது பெண்ணாக இருந்தால் மட்டுமே, உதவி தருகிறது. பீமாபாய் இன்று சாந்தாகுரூசில் சல்லி சுமந்திருந்தால், அம்பேத்கர் என்ற 14ஆவது பிள்ளைக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

சாலைகளிலும் செங்கற்சூளைகளிலும் வயல்களிலும் கருவுற்ற வயிற்றோடு வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் நம் சமூகத்தவர்கள். அவர்களுடைய உழைப்பு வருகைப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏறாத உழைப்புக்குச் சட்டம் விடுப்பு தருவதில்லை. வரலாற்று நூல்களில் பீமாபாய்க்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே நம் இயக்கங்களுக்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஏப்ரல் 14 மேடைகளில் ராம்ஜியின் பெயரோடு பீமாபாயின் பெயரும், அவர் செய்த வேலையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும், மீராபாயையும் மறக்கலாகாது. இரண்டாவது, பிள்ளைகளின் எண்ணிக்கையாலும் நிறுவனத்தின் அளவாலும் குறுக்கப்படாத மகப்பேறு உரிமை, உழைக்கும் பெண்கள் அனைவருக்கும் வேண்டும் என்ற கோரிக்கை அதே மேடையின் தீர்மானமாக வேண்டும். அண்ணல் 1928இல் தொடங்கிய அவ்வாதம் இன்னும் முடியவில்லை. அதை முன்னெடுத்துச் செல்வதே சதாராவில் உறங்கும் அந்தத் தாய்க்கு நாம் செலுத்தக்கூடிய நினைவஞ்சலி.